பாலை மலைகளில் அகேட் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அகேட் என்பது அடுக்கடுக்கான வண்ண வளையங்கள் கொண்ட ஒரு வகைக் கல். அதைத் தேடுபவர் நாள் முழுவதும் தரையைப் பார்த்தே நடக்கிறார். மிக ஆபத்தான தவறு அந்தப் பழக்கத்திலிருந்தே தொடங்குகிறது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு, ஒரு சரிவிலிருந்து அடுத்த ஓடைக்கு என வளைந்து வளைந்து சென்றவருக்கு, தலை நிமிரும்போது எல்லா முகடுகளும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே வண்டி நிற்கும் இடத்தைக் கிளம்பும் முன்பே ஜிபிஎஸ் கருவியில் குறித்துக்கொள்ள வேண்டும். நடுநடுவே நின்று, வந்த வழியைத் திரும்பிப் பார்க்கவும் வேண்டும். கைபேசியில் சிக்னல் கிடைக்கும் என நம்பாமல், செல்லும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்வதே முறை.

தண்ணீர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 4 லிட்டராவது தேவை. கடும் வெயிலில் அதுவும் போதாது. கண்ணில் பட்ட முதல் கற்களையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு மலையேறுவது வீண் சுமை. அவற்றை ஓரிடத்தில் குவித்து, இடத்தைக் குறித்துவிட்டு, திரும்பும்போது நல்லவற்றை மட்டும் எடுக்கலாம். வறண்ட ஓடைப் படுகைகள் தேடுவதற்கு மிக நல்ல இடங்கள்தாம். ஆனால் தொலைவில் மழை பெய்தால், தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். அங்கே கூடாரம் அடிக்கவே கூடாது.

பாறையைச் சுத்தியலால் உடைத்துக்கொண்டே இருப்பது இன்னொரு தவறு. எரிமலைக் குழம்பு இறுகியபோது உண்டான வாயுக் குமிழிகளில், சிலிக்கா (மணலில் நிறைந்துள்ள கனிமப் பொருள்) கலந்த நீர் நுழைந்து அடுக்கடுக்காகப் படிந்ததால் உருவானவையே பெரும்பாலான அகேட்கள். சுற்றியுள்ள பசால்ட் என்னும் கருநிற எரிமலைப் பாறை காலப்போக்கில் சிதைந்து மண்ணாக, அதைவிட உறுதியான அகேட் தனியே உதிர்ந்து சரிவின் அடியில் கிடக்கும். கடையில் காணும் வண்ண வளையங்களை அங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். வெளிப்புறம் பெரும்பாலும் குழிகள் நிறைந்த, மங்கலான, உருளைக்கிழங்கு போன்ற உருண்டைதான். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலை எதிர்நோக்கி நடந்தால், ஒளி ஊடுருவும் கற்கள் ஓரங்களில் மெல்ல ஒளிர்வதைக் காணலாம். ஐயமிருந்தால் கத்திமுனையால் கீறிப் பாருங்கள்: கால்சைட் என்னும் மென்மையான கனிமத்தில் கோடு விழும், 1 முதல் 10 வரையிலான மோஸ் அளவுகோலில் 6.5 முதல் 7 வரை கடினத்தன்மை கொண்ட அகேட்டில் விழாது. உள்ளே என்ன இருக்கிறதென்று அறியும் ஆவலில் ஓங்கி அடித்தால், கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் பரவி, பிறகு அறுக்கும்போது கல் துண்டு துண்டாகிவிடும். நனைத்துப் பார்ப்பதே போதும். உடைத்தே தீர வேண்டுமென்றால் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம். தெறிக்கும் சில்லுகள் கண்ணாடித் துண்டின் கூர்மை கொண்டவை.

பாறை இடுக்கில் பார்க்காமல் கையை நுழைப்பது பாம்பையும் தேளையும் தொடுவதற்கு வழி. தேசியப் பூங்கா, தனியார் நிலம், சுரங்க உரிமம் பெற்ற இடம் ஆகியவற்றின் எல்லைகளை முன்கூட்டியே விசாரித்து அறிய வேண்டும். ஓரம் சீராகச் செதுக்கப்பட்ட கல் கிடைத்தால், அது பழங்கால மனிதரின் கருவியாக இருக்கலாம். படமெடுத்துக்கொண்டு, கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.