வினைச்சொல்லின் வாலைப் பிடியுங்கள்: எழுத்தில் தொனியையும் மனநிலையையும் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் இந்த மூன்று வரிகளைப் பாருங்கள்.

அவர் வந்தார்.
அவர் வந்து சேர்ந்தார்.
அவர் வந்து தொலைத்தார்.

நடந்தது ஒன்றுதான். முதல் வரியை எழுதியவருக்கு அந்த வருகையைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டாவதில் நீண்ட பயணமோ காத்திருப்போ ஒளிந்திருக்கிறது. மூன்றாவதில் எரிச்சல். அதிலும் ‘தொலைத்தார்’ என்று மரியாதை விகுதியைப் போட்டுக்கொண்டே எரிச்சல்படுவது தனி ரகம். வெளியே கும்பிடு, உள்ளே கடுப்பு.

எழுதுபவர் தான் சொல்லும் விஷயத்தின் மீதும், படிக்கும் நம் மீதும் வைத்திருக்கும் மனப்போக்குதான் தொனி. அதைப் படிக்கும்போது நமக்குள் கவியும் உணர்வு மனநிலை. இரண்டும் ஒன்றென்று நினைத்துத்தான் புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் குழம்புகிறார்கள். இதைப் படியுங்கள்:

“குழந்தையின் செருப்பு ஒன்று ஆற்றங்கரையில் கிடந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை.”

தொனி வறண்டது. காவல் நிலையக் குறிப்பு போல இருக்கிறது. ‘ஐயோ’ இல்லை, ‘பாவம்’ இல்லை, ஓர் உரிச்சொல்கூட இல்லை. ஆனால் படிப்பவருக்கு வயிற்றைப் பிசைகிறது. தொனி நடுநிலை, மனநிலை அச்சம். இந்த இடைவெளி பிடிபட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

படி 1: வாய்விட்டுப் படியுங்கள், ஒரு சொல் எழுதுங்கள்

அலசல் எல்லாம் அப்புறம். பத்தியை ஒருமுறை சத்தமாகப் படித்துவிட்டு, மனதில் தோன்றிய உணர்வை ஒரே சொல்லில் ஓரத்தில் எழுதுங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம்.

‘சோகம்’, ‘மகிழ்ச்சி’ தவிர வேறு சொல்லே வரவில்லையா? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டுச் சொற்கள் தருகிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மருட்கை என்றால் வியப்பு, இளிவரல் என்றால் இழிவாக உணர்தல், வெகுளி என்றால் கோபம். எனக்குப் பிடித்தது, அது ஒவ்வொன்றையும் நான்காகப் பிரிப்பதுதான். நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. ஆக, ‘இது நகைச்சுவையான பத்தி’ என்று எழுதிவிட்டு எழுந்துபோக முடியாது. யாரையாவது குத்திக் காட்டும் சிரிப்பா, மழலைத்தனத்தைப் பார்த்து வரும் சிரிப்பா என்று அடுத்த கேள்வியையும் கேட்க வேண்டும்.

படி 2: சொல்லை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

பத்தியில் கனமாகத் தெரியும் ஒரு சொல்லை எடுங்கள். அதே பொருள் தரும் வேறு சொல்லை அங்கே வையுங்கள். என்ன கெட்டுப்போகிறதோ அதுதான் தொனி.

மரணத்தைக் குறிக்கும் சொற்களே போதும். ‘இறந்தார்’ தகவல். ‘காலமானார்’, ‘இயற்கை எய்தினார்’ இரண்டும் அறிவிப்புப் பலகையின் மரியாதை. ‘தவறிவிட்டார்’ என்பது குரலைத் தாழ்த்திச் சொல்வது. ‘போய்ச் சேர்ந்தார்’ என்பதில், நெடுநாள் படுக்கையில் கிடந்தவரைப் பற்றியென்றால் ஒரு பெருமூச்சு இருக்கும். வேண்டாதவரைப் பற்றியென்றால் அலட்சியம். கெட்ட செய்தியை நல்ல சொல்லால் மூடுவதை நன்னூல் ‘மங்கலம்’ என்ற பெயரில் ஒரு வழக்காகவே வகுத்திருக்கிறது. ‘தூங்கினார்’ என்று பொருள்படும் ‘துஞ்சினார்’ அப்படி வந்ததுதான்.

ஒரு எச்சரிக்கை. ‘செத்தான்’ என்று பார்த்த உடனே ‘இகழ்ச்சி’ என்று எழுதிவிடாதீர்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் ‘செத்துப்போய்விட்டானே’ என்று அலறும்போது அதில் இகழ்ச்சி எங்கே? பூசி மெழுக நேரமில்லாத துக்கம் அது. சொல்லுக்கு நிரந்தர விலை கிடையாது. யார், யாரிடம், எப்போது சொல்கிறார் என்பதும் சேர்ந்துதான் அதன் எடை.

சிக்கனம் / கஞ்சத்தனம், உறுதி / பிடிவாதம் / வீம்பு, கூட்டம் / கும்பல், சிரித்தாள் / இளித்தாள் என்று நீங்களே ஜோடி சேர்த்துப் பழகலாம்.

படி 3: வினையின் வாலைப் பாருங்கள்

தொனியைத் தேடச் சொன்னால் எல்லோரும் ‘அழகிய’, ‘கொடூரமான’ போன்ற அடைமொழிகளின் கீழேதான் கோடு போடுகிறார்கள். தமிழில் என் அனுபவம் வேறு. சரக்கு பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசியில், வினையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் துணைவினையில் இருக்கிறது.

எழுதினார்: செய்தி.
எழுதிவிட்டார்: முடிந்தது, நிம்மதியாகவும் இருக்கலாம், ‘போச்சு, இனி மாற்ற முடியாது’ என்றும் இருக்கலாம்.
எழுதிவைத்தார்: பிற்காலத்துக்கு என்ற முன்யோசனை.
எழுதிக் கொடுத்தார்: பிறருக்காக.
எழுதித் தள்ளினார்: அளவு மிகுதி. வியப்பும் உண்டு, ‘தரத்தைப் பற்றிக் கேட்காதே’ என்ற கண்சிமிட்டலும் உண்டு.
எழுதிக் கிழித்தார்: ஒன்றும் எழுதவில்லை என்று பொருள்.

கடைசி வரியைக் கவனியுங்கள். ‘எழுதி’ என்ற சொல் இருக்கிறது, எழுதியது மட்டும் நடக்கவில்லை. அகராதியில் ‘கிழி’ என்று தேடினால் இந்தக் கிண்டல் முழுதாகக் கிடைக்காது, காதுக்குத்தான் கிடைக்கும்.

படி 4: ஓரெழுத்து, ஈரெழுத்து, மூவெழுத்துத் துண்டுகளை விடாதீர்கள்

தான், ஏ, ஓ, உம், ஆவது, கூட, ஆம். இந்த இடைச்சொற்களைக் கண் தாண்டிப் போய்விடும். தொல்காப்பியம் ‘உம்’ ஒன்றுக்கே எட்டுப் பொருளும், ‘ஓ’வுக்கு ஆறு பொருளும் சொல்கிறது என்றால் அவை எவ்வளவு சுமக்கின்றன என்று பாருங்கள்.

நீ வந்தாய். நீயும் வந்தாய். நீயாவது வந்தாய். நீகூட வந்தாய்.

‘நீயாவது’ என்றதும், வராமல் போன மற்றவர்கள் மீதுள்ள வருத்தம் வாக்கியத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமலே! ‘நீகூட’ என்பதில், உன்னை எதிர்பார்க்கவில்லை என்ற சேதி.

‘ஆம்’ இன்னும் கில்லாடி. ‘அவருக்கு உடம்பு சரியில்லையாம்’ என்பது கேட்டதை அப்படியே கடத்துவதாக இருக்கலாம், ‘நான் நம்பவில்லை’ என்பதாகவும் இருக்கலாம். ‘பெரிய அறிவாளியாம்’ என்பதில் சந்தேகமே வேண்டாம்.

தினமும் கைப்பேசியில் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்:

கோப்பு அனுப்பிவிட்டீர்களா?
கோப்பு இன்னுமா அனுப்பவில்லை?
கோப்பை எப்போதுதான் அனுப்புவதாக உத்தேசம்?

மூன்றாவதில் ‘தான்’ பொறுமை தீர்ந்ததைச் சொல்கிறது. ‘உத்தேசம்’ என்ற கண்ணியமான சொல்லோ, சொல்ல வந்த கோபத்துக்குச் சற்றும் பொருந்தாமல் நிற்கிறது. இந்தப் பொருத்தமின்மைதான் கிண்டலின் அடையாளம். சொல் ஒரு பக்கமும் சூழ்நிலை மறுபக்கமும் இழுத்தால் அங்கே நின்று நிதானியுங்கள்.

படி 5: ஒரு பத்தியில் செய்து பார்ப்போம்

“மழை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. தலைவர் ஒருவழியாக மேடையில் எழுந்தருளினார். ஒன்றரை மணி நேரம் உரையாற்றி அருளினார். நனைந்தபடி நின்றவர்கள் பாக்கியசாலிகள். இடிச் சத்தத்தில் பாதிப் பேச்சு கேட்கவில்லை.”

‘எழுந்தருளினார்’ தெய்வத்துக்குரிய சொல். மனிதருக்குப் போட்டால் ஒன்று பெரும் பக்தி, இல்லையென்றால் எள்ளல். எது என்று எப்படி முடிவு செய்வது? பக்கத்தில் உள்ள ‘ஒருவழியாக’தான் காட்டிக்கொடுக்கிறது. பக்தர் ‘ஒருவழியாக’ என்று எழுதமாட்டார், தாமதத்தில் கால் கடுத்தவர்தான் எழுதுவார். ‘பாக்கியசாலிகள்’ வந்ததும் தீர்ப்பு உறுதி: பேச்சு கேட்காமல் போனதுதான் அந்தப் பாக்கியம். தொனி எள்ளல்.

அதே நிகழ்ச்சியை இப்படி மாற்றுகிறேன்:

“மழை தொடர்ந்து பெய்தது. தலைவர் தாமதமாக மேடைக்கு வந்து ஒன்றரை மணி நேரம் பேசினார். மக்கள் நனைந்தபடி நின்றனர். இடிச் சத்தத்தால் பேச்சின் ஒரு பகுதி கேட்கவில்லை.”

இது செய்தி. இன்னொரு விதம்:

“கொட்டும் மழையிலும் தலைவருக்காகக் காத்திருந்த மக்கள் வெள்ளம், ஒன்றரை மணி நேரம் அசையாமல் நின்று அவர் உரையைக் கேட்டது.”

தாமதம் காணோம், இடியும் காணோம். ‘காத்திருந்த’ என்ற சொல், தலைவரின் தாமதத்தை மக்களின் அன்பாக மாற்றிவிட்டது. எந்தச் சொல் இருக்கிறது என்று பார்ப்பதோடு, எது விடுபட்டது என்றும் பாருங்கள்.

பிடிபடாமல் போகும் இடங்கள்

எவ்வளவு பழகினாலும் சில வரிகள் ஏமாற்றும். ஒருமுறை வேலை இடத்தில் ஒருவர் தன் சிக்கலை நீளமாக எழுதி அனுப்பியிருந்தார். ‘சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பதில் போட்டேன். உதவுகிறேன் என்ற பொருளில்தான் எழுதினேன். அவரோ மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொண்டு இரண்டு நாள் பேசவில்லை. திரும்பப் படித்தபோது அவர் மீது குற்றமில்லை என்று தெரிந்தது. சண்டையில் ‘உன்னைப் பார்த்துக்கொள்கிறேன்’ என்பதும் இதே வினைதானே. ‘கவலைப்படாதீர்கள்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்திருந்தால் போதும்.

அதனால் ஒரே ஒரு சொல்லை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரே திசையில் இழுக்கும் சொற்கள் இரண்டு மூன்றாவது கிடைக்க வேண்டும். பத்தியின் நடுவில் தொனி மாறுவதும் உண்டு. ‘ஆனால்’, ‘இருந்தாலும்’ வரும் இடங்களில் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.

பயிற்சிக்கு மூன்று வரிகள். ஒவ்வொன்றையும் சொல்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஒரு சொல்லில் எழுதிப் பாருங்கள்.

சாப்பாடு நன்றாக இருந்தது.
சாப்பாடும் நன்றாக இருந்தது.
சாப்பாடாவது நன்றாக இருந்தது.

மூன்றாவதை மட்டும் விருந்து வைத்தவரிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.