புதுசா வாங்கின செடி தண்ணி ஊத்தியும் வாடுதா? தொட்டியில இருந்து உருவிப் பாருங்க

நர்சரில பளபளன்னு இருந்த செடி வீட்டுக்கு வந்து மூணு வாரத்துல தலையைத் தொங்கப் போட்டுடுச்சா? உடனே தண்ணி மக்கைத் தூக்கிட்டு ஓடாதீங்க. நான் அப்படித்தான் ஓடுனேன். ஒரு பீஸ் லில்லி, வாடுது, தண்ணி ஊத்துறேன், மறுநாள் இன்னும் வாடுது, ஐயோ பாவம் தாகம் போலன்னு இன்னும் கொஞ்சம் ஊத்துறேன், ஒரு வாரத்துல அடித்தண்டு கொழகொழன்னு ஆகி, இலையைத் தொட்டா கையோட வந்துடுச்சு. தொட்டியைக் கவுத்துப் பாத்தா சாக்கடை நாத்தம். தாகத்துல சாகல, நாந்தான் மூச்சு முட்ட வச்சிருக்கேன்.

வேருக்குத் தண்ணி மட்டும் போதாது, காத்தும் வேணும். மண்ணுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன சந்துல எல்லாம் தண்ணியே நின்னுட்டா ஆக்சிஜன் உள்ள போக வழி இல்ல, வேர் நுனி சாக ஆரம்பிக்கும், அப்புறம் பித்தியம், பைட்டோப்தோரா மாதிரி கிருமிங்க வந்து மிச்சத்தையும் முடிச்சிரும். (இதுங்களை ஃபங்கஸ்னுதான் எல்லாரும் சொல்றோம், ஆனா நிஜத்துல ஃபங்கஸ் இல்ல, ஒரு வகைப் பாசிக்குத் தூரத்துச் சொந்தம். இதோட வித்து தண்ணியில நீந்தியே அடுத்த வேருக்குப் போகும், அதான் ஈரம் நின்னா இதுங்களுக்குக் கொண்டாட்டம்.) வேர் போயிட்டா உறிஞ்ச ஆள் இல்லல்ல, அதனாலதான் சொதசொதன்னு ஈரத்துல உக்காந்துகிட்டே செடி வாடுது.

இது ஏன் புதுச் செடிக்கே அதிகமா வருதுன்னா, நர்சரியில நல்ல வெளிச்சம், காத்து, சூடு, அங்க செடி மடமடன்னு தண்ணி குடிக்கும். நம்ம வீட்டு ஹால் மூலையில வெளிச்சம் கம்மி, குடிக்கிற வேகமும் சட்டுனு குறைஞ்சிரும், ஆனா நர்சரிக்காரர் சொன்ன கணக்குலயே நாம ஊத்துவோம். மண்ணும் பெரும்பாலும் வெறும் கோகோபீட்டா (தேங்கா நார்த் தூள்) இருக்கும், அது ஸ்பாஞ்சு மாதிரி பிடிச்சு வச்சுக்கும். போதாததுக்கு அழகா இருக்குன்னு ஓட்டையே இல்லாத பீங்கான் தொட்டிக்குள்ள இறக்கி வச்சிருவோம், வடிஞ்ச தண்ணி அடியில தேங்கி நிக்கும்.

இதைவிடப் பெரிய வில்லன் ஒன்னு இருக்கு. குட்டி நாத்தா இருக்கும்போது வளர்க்கப் பயன்படுத்துன சின்ன வலைக் கப்பு, இல்ல டீ பேக் மாதிரி ஒரு துணி, அதோடயே பெரிய தொட்டிக்கு மாத்திருப்பாங்க. மேல இருந்து பாத்தா தெரியவே தெரியாது. வெளிய மண்ணு காஞ்சிருக்கும், நடுவுல அந்த எலுமிச்சம்பழம் சைஸ் உருண்டை மட்டும் ஊறிப் போய்க் கிடக்கும். விரலை விட்டுப் பாத்து காஞ்சிருக்குன்னு நாமளும் ஊத்திட்டே இருப்போம்.

அதனால என் கருத்து, செடி வாங்கின அன்னைக்கே ஒரு தடவை உருவிப் பாத்துருங்க. ரெண்டு வாரம் தொடவே கூடாது, பழகட்டும்னு சிலர் சொல்வாங்க. தொட்டி மாத்துறதுக்கு அது சரி, ஆனா சும்மா உருவிப் பாத்துட்டு திரும்ப வைக்கிறதால ஒன்னும் ஆகாது. மண்ணு ஈரமா இருக்கும்போதே வாடுறது, அடி இலை வரிசையா மஞ்சளாகுறது, புளிச்ச வாடை, மண்ணுக்கு மேல குட்டிக் கருப்பு ஈ சுத்துறது, இதுல ரெண்டு சேர்ந்து இருந்தா யோசிக்கவே வேணாம், உருவுங்க.

இலையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தொட்டியைச் சாய்ச்சு, பக்கவாட்டுல அமுக்கி விட்டு, தண்டோட அடியை விரலுக்கு நடுவுல தாங்கி கவுத்தா முழுசா வழுக்கிட்டு வரும். பழைய மண்ணை உதிர்த்துட்டு, ஒரு பக்கெட்ல தண்ணி வச்சு அலசுங்க. நல்ல வேர் வெள்ளையா இல்ல லேசான க்ரீம் கலர்ல விறைப்பா இருக்கும். அழுகுனது பழுப்பா கருப்பா இருக்கும், ஆனா கலரை மட்டும் நம்பாதீங்க, ஸ்நேக் பிளான்ட்டோட நல்ல வேரே ஆரஞ்சு கலர்தான். ரெண்டு விரலால வேரைப் பிடிச்சு மெதுவா உருவிப் பாருங்க, அழுகியிருந்தா மேல் தோல் உறை மாதிரி கழண்டு கையில வந்துரும், உள்ள நூல் மாதிரி நரம்பு மட்டும் தொங்கும். ஒரு தடவை பாத்தா மறக்காது. நடுவுல வலை இருந்தா சின்னக் கத்தரிக்கோலால ஒவ்வொரு கண்ணியா வெட்டி எடுங்க, வேர் பின்னிக்கிட்டு இருந்தா அவசரப்படாதீங்க, என்னோட ரெண்டாவது பீஸ் லில்லிக்கு அதுக்கே முக்கால் மணி நேரம் ஆச்சு.

அப்புறம் வெட்டுறது. கத்தரிக்கோலை 70 சதவீத ஸ்பிரிட்ல துடைச்சுட்டு, கொழகொழன்னு இருக்கிறதை எல்லாம் இரக்கமே பாக்காம வெட்டுங்க, நல்ல வேர்ல கொஞ்சம் போனாலும் பரவால்ல, அழுகல் கொஞ்சம் மிச்சம் இருந்தாத்தான் ஆபத்து. நடுநடுவுல திரும்ப துடைச்சுக்கோங்க. பாதிக்கு மேல வேர் போயிருச்சுன்னா அடியில இருக்கிற பழைய இலை நாலஞ்சையும் எடுத்துருங்க, இருக்கிற கொஞ்ச வேரால அத்தனை இலைக்கும் தண்ணி அனுப்ப முடியாது.

ஹைட்ரஜன் பெராக்சைடுல முக்குறது பத்தி எல்லாரும் கேப்பாங்க. 3 சதவீதம் உள்ளதை ஒன்னுக்கு மூணு பங்கு தண்ணி கலந்து ஒரு தடவை அலசலாம், தப்பில்ல. ஆனா நுரை பொங்குதே, அழுகல் சாகுதுன்னு நினைக்காதீங்க, நல்ல வேர்ல வச்சாலும் பொங்கும். உண்மையான வைத்தியம் கத்தரிக்கோலும் புது மண்ணும்தான். வேர்ல சமையல் பட்டைப் பொடி (லவங்கப்பட்டை) தூவுறது எனக்குப் பிடிக்காது, அது ஈரத்தை இழுத்து நல்ல வேரையும் காய வச்சிரும். ட்ரைக்கோடெர்மான்னு வேர் அழுகலைத் தடுக்கப் போடுற நல்ல பூஞ்சை ஒன்னு இருக்கு, அதைப் போடுறதா இருந்தா பெராக்சைடு போட்ட அன்னைக்கே போடாதீங்க, நீங்க விட்ட நல்ல பூஞ்சையை நீங்களே கொன்ன கதையா போயிரும், சில நாள் கழிச்சு போடுங்க.

புதுத் தொட்டி சின்னதா இருக்கணும், இதுலதான் நிறைய பேர் சறுக்குறாங்க. மிச்சம் இருக்கிற வேரைச் சுத்தி ரெண்டு விரல் இடம் இருந்தா போதும், பெரிய தொட்டின்னா வேர் தொடாத மண்ணு நாள் கணக்கா காயாது, திரும்ப அதே கதை. அடியில ஓட்டை கட்டாயம். கூழாங்கல் போட்டா வடியும்னு சொல்றதும் சரியில்ல, தண்ணி கல்லுக்கு மேல இருக்கிற மண்ணுலயேதான் நின்னுக்கும், வேருக்கு இன்னும் கிட்ட வந்துரும். மண்ணுக்கு நான் போடுறது கோகோபீட் ரெண்டு பங்கு, பெர்லைட் (வெள்ளையா, லேசா இருக்கிற பொரி மாதிரி கல்லு) ஒன்னு, மரப்பட்டைத் துண்டு ஒன்னு. பழைய தொட்டியே வேணும்னா ப்ளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து 10 நிமிஷம் ஊற வச்சு நல்லா கழுவுங்க, ப்ளீச்சையும் ஸ்பிரிட்டையும் மட்டும் தெரியாமக்கூட கலந்துடாதீங்க. பழைய மண்ணை வேற எந்தத் தொட்டிக்கும் போடாதீங்க.

நட்டதும் ஒரே ஒரு தடவை தண்ணி விட்டு முழுசா வடிய விடுங்க. ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் செடி (ZZ plant) மாதிரி கிழங்கு வகைன்னா நடுறதுக்கு முன்னாடி வெட்டுன இடம் ஒன்னு ரெண்டு நாள் காயணும், நட்டப்புறமும் ஒரு வாரம் தண்ணி வேணாம். நேர் வெயில் படாத நல்ல வெளிச்சத்துல வைங்க. உரம் கூடவே கூடாது, புது இலை வர்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க. முதல் பத்து நாள் செடி இன்னும் மோசமாத்தான் தெரியும், அதைப் பாத்து பயந்து ஊத்திராதீங்க, தொட்டியைத் தூக்கிப் பாருங்க, கனம் இருந்தா ஈரம் இருக்குன்னு அர்த்தம். என்னோடது புது இலை சுருட்டிக்கிட்டு எட்டிப் பாக்க அஞ்சு வாரம் ஆச்சு.

வேரே மிஞ்சலைன்னா? மணி பிளான்ட், பிலோடென்ட்ரான் மாதிரி கொடின்னா அழுகலுக்கு மேல கணு இருக்கிற துண்டா வெட்டி தண்ணியில போடுங்க, ரெண்டு மூணு வாரத்துல வேர் வந்துரும். பீஸ் லில்லிக்கு இது நடக்காது, அதுக்கு வேரோட பிரிச்சாத்தான் உண்டு. ஸ்நேக் பிளான்ட் இலையை வெட்டி நட்டா குட்டி வரும், மாசக் கணக்குல ஆகும், மஞ்சள் ஓரம் இருக்கிற ரகம்னா வர்ற குட்டிக்கு அந்த ஓரம் இருக்காது, வெறும் பச்சையாத்தான் வரும்.