மார்கழி காலைல பழைய டீசல் வண்டி ஸ்டார்ட் ஆகலையா? மொதல்ல புகையைப் பாருங்க

தைப்பூசத்துக்கு குன்றக்குடில இருந்து பழநிக்கு நடக்கிறவங்களுக்கு சாமான் வண்டியா எங்க பழைய சுமோதான் வருசா வருசம் போகும், விடியக்காலம் 3 மணிக்கு எல்லாரும் நடையக் கட்டிருவாங்க, அப்ப வண்டி எந்திரிக்கலன்னா அவங்க குடிக்கிற தண்ணி முன்னால போய்ச் சேராது. அதுக்காகவே இந்த வேலையக் கத்துக்கிட்டேன். புதுசா பழைய டீசல் வண்டி வாங்கினவங்களுக்காக எழுதுறேன்.

டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக் கெடையாது, காத்தை இருபதுல ஒரு பங்கா அமுக்குறப்ப வர்ற சூட்டுலதான் டீசல் பத்திக்கும். டீசல் அம்பாசடர், பழைய சுமோ மாதிரி வண்டில ஹெட்ல இருக்கிற ஒரு சின்ன அறைலதான் எரிய ஆரம்பிக்கும், இன்ஜின் ஆறிக்கெடக்கும்போது அந்த அறையோட சுவரே சூட்டை நெறைய குடிச்சிரும், அதுக்குத்தான் அந்த அறைய முன்கூட்டியே சூடாக்குற ஹீட்டர் பிளக். காரைக்குடி பக்கம் மார்கழிலயும் 20 டிகிரிய ஒட்டித்தான் இருக்கும், டீசல் உறையுற குளிரே கெடையாது. இந்தக் குளிருக்கே திணறுதுன்னா எங்கயோ கோளாறு இருக்குன்னு அர்த்தம்.

மொதல்ல பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ன வண்டில மல்டிமீட்டர் வச்சா 12.6 வோல்ட் கிட்ட காட்டணும், செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழ இறங்கக்கூடாது. இறங்கினா டெர்மினல், எர்த் வயர் எல்லாம் தேச்சு டைட் பண்ணிப் பாருங்க. செல்ஃப் 10 செகண்டுக்கு மேல அடிக்காதீங்க, அரை நிமிசம் விட்டு அடிங்க.

செல்ஃப் நல்லா சுத்துதா? இப்ப ஒருத்தரைப் பின்னால நிக்கச் சொல்லி சைலன்சரைப் பாக்கச் சொல்லுங்க. வெள்ளைப் புகை வந்தா டீசல் உள்ள போகுது ஆனா எரியல, ஹீட்டர் பிளக் பக்கம் போங்க. புகையே இல்லன்னா டீசலே வரல. இதைப் பாக்காம எந்தச் சாமானும் வாங்காதீங்க.

ஹீட்டர் பிளக்: டேஷ்போர்டுல லைட் எரியுறத நம்பாதீங்க, பிளக் செத்திருந்தாலும் அது எரியலாம். பிளக்குகளை சேர்க்கிற பட்டையக் கழட்டிட்டு, டெஸ்ட் லேம்ப்போட (ரெண்டு வயர் வச்ச 12 வோல்ட் பல்பு) ஒரு முனையை பேட்டரி பிளஸ்லயும் இன்னொன்னை பிளக் தலையிலயும் வைங்க. எரிஞ்சா நல்ல பிளக், எரியலன்னா உள்ள கம்பி அறுந்து போச்சு. நாலுல ரெண்டு போனாலே காலைல படுத்தும், நாலையும் சேத்தே மாத்திருங்க, பழசுல எழுதியிருக்கிற அதே வோல்ட்டா பாத்து வாங்குங்க. கழட்டும்போது இன்ஜின் வெதுவெதுப்பா இருக்கட்டும், முரட்டுத்தனமா திருகினா முனை ஒடிஞ்சு உள்ளயே மாட்டிக்கும். பிளக் எல்லாம் நல்லா இருந்தா சாவி போட்டதும் பட்டைக்கு கரண்ட் வருதான்னு பாருங்க, வரலன்னா அந்தக் கரண்டை விடுற ஸ்விட்ச்சான ரிலேயைப் பாருங்க.

புகையே வராத கேஸ்தான் ஆளை அலைய விடும். எங்க வண்டிக்கு ஒரு ஒர்க்‌ஷாப்ல இன்ஜினுக்கு டீசல் அனுப்புற பம்ப்பையே எறக்கணும்னு சொல்லிட்டாங்க, ரெண்டு நாள் தூக்கமே இல்ல எனக்கு. கடைசில பாத்தா டேங்க்ல இருந்து வர்ற ரப்பர் ஹோஸ்ல முடி மாதிரி ஒரு கீறல்! வெளிய ஒரு சொட்டு ஒழுகாது, ஆனா ராத்திரி அது வழியா காத்து ஏறி லைன்ல இருக்கிற டீசல் டேங்க்குக்கே திரும்பிரும். இதுக்கு ஒரு சோதனை இருக்கு, டேங்க் மேல இன்ஜின் கீழ வர்ற மாதிரி சரிவுல ராத்திரி நிப்பாட்டுங்க, காலைல டக்குன்னு ஸ்டார்ட் ஆச்சுன்னா காத்து ஏறுறதுதான் வியாதி. ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவுல உள்ள ஓடுறது தெரியுற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டினா குமிழி ஓடுறது கண்ணுக்கே தெரியும்.

ஹோஸ், வாஷர் மாத்தின பிறகு ஃபில்டர் மேல இருக்கிற, காத்தை வெளிய விடுற பிளீடிங் ஸ்க்ரூவ லேசா லூஸ் பண்ணி, நுரை நின்னு சுத்த டீசல் வர்ற வரைக்கும் ஹேண்ட் பம்ப்பை அமுக்குங்க, அப்படியே டைட் பண்ணுங்க. அப்பவும் வரலன்னா பம்ப்புல இருக்கிற ஸ்டாப் சொலினாய்டு (சாவி போட்டா டீசலுக்கு வழி விடுற கரண்ட் வால்வு) வயரைப் பாருங்க, சாவி போட்டா டிக்குன்னு சத்தம் கேக்கணும்.

ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், ஹீட்டர் பிளக் இருக்கிற வண்டில ஈதர் ஸ்ப்ரே (ஸ்டார்ட் ஆக காத்து போற வழில அடிக்கிற, சட்டுன்னு பத்திக்கிற ஸ்ப்ரே) அடிக்காதீங்க, சூடான பிளக்ல பட்டு நேரங்கெட்ட நேரத்துல வெடிச்சு பிஸ்டனே ஒடையும். பிளக், டீசல், பேட்டரி மூணும் சரியா இருந்தும் வெள்ளைப் புகை நிக்கலன்னா இன்ஜின் காத்தை சரியா அமுக்குதான்னு பாக்குற கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கு மெக்கானிக்கிட்ட விடுங்க, அது வீட்டுல பண்ற வேலை இல்ல.