ஹாஸ்டல் மெஸ் கழிவை உரமாக்கலாம்: முதலில் சருகைச் சேருங்கள்

பல கல்லூரி வளாகங்களில் ஒரு மூலையில் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறார்கள். இன்னொரு மூலையில் மெஸ் எச்சிலை டிரம்மில் அடைத்து வெளியே அனுப்புகிறார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் உரம். சோறும் காய்த்தோலும் மட்டும் போட்டால் நாறும்; சருகு மட்டும் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

நாளுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் கல்வி நிறுவனங்களுக்குத் தனிப் பொறுப்பு உண்டு என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. அதற்காக முதல் நாளே 100 கிலோவில் கை வைக்க வேண்டாம். 25 கிலோவில் பழகுங்கள்.

1. ஒரு வாரம் எடை போடுங்கள்

மூன்று வாளிகள் போதும்: காய்கறித் தோல், சமைத்து மீந்தது, தட்டில் மீந்தது. ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து ஏழு நாளும் தனித்தனியாக எடை போட்டு எழுதுங்கள். இரண்டாவது வாளி கனத்தால் அது உரக்குழி தீர்க்கிற பிரச்சினை இல்லை. உலை வைக்கும்போதே தலைக்கணக்கு தப்புகிறது. மாணவர்கள் ஊருக்குப் போகும் வெள்ளி இரவுக்கும் வழக்கமான அளவே அரிசி போடுகிறார்களா என்று முதலில் பாருங்கள்.

2. சருகைச் சேமியுங்கள்

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். 25 கிலோ ஈரக் கழிவுக்கு 10 கிலோ காய்ந்த சருகு வேண்டும். மெஸ் 300 நாள் நடந்தால் வருடத்துக்கு 3 டன். ஆனால் சருகு அதிகமாகக் கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசி மழையில் தேடினால் நனைந்த குப்பைதான் கிடைக்கும். ஆகவே உதிரும் பருவத்திலேயே கூட்டி, நொறுக்கி, சாக்கில் கட்டி, கூரைக்கு அடியில் அடுக்குங்கள். நொறுக்கினால் இடமும் மிச்சம், மட்குவதும் வேகம்.

வேம்பு, புங்கம், தூங்குமூஞ்சி மரத்துச் சருகுகள் நல்லவை. தைலமரம், சவுக்கு, வாதுமை இலைகள் மெதுவாகவே மட்கும்; கொஞ்சமாகக் கலக்கலாம். சாலையோரம் கூட்டியதில் மணலும் பிளாஸ்டிக்கும் வரும், பொறுக்கி எடுக்காமல் சேர்க்காதீர்கள்.

3. நான்கு பெட்டிகள்

ஒவ்வொன்றும் நாலடி நீளம், நாலடி அகலம், நாலடி உயரம். மூன்றடிக்குக் குறைந்தால் உள்ளே சூடு நிற்காது. பக்கத்துக்கும் அடிக்கும் அரை அங்குலக் கம்பி வலை, எலிக்காக. முன்பக்கம் கழற்றி மாட்டும் பலகை, மேலே தகரக் கூரை. அடியில் அரையடிக்குத் தென்னை மட்டையும் குச்சியும் பரப்புங்கள்; காற்று கீழிருந்து ஏற வேண்டும்.

ஒரு பெட்டி நிறைய ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். ஒன்று நிறையும், இரண்டு முதிரும், நான்காவது கிளறிக் கொட்டக் காலியாக இருக்கும்.

4. தினமும் போடுவது

சாம்பார், ரசம், மோரை ஓட்டை போட்ட வாளியில் அரை மணி நேரம் வடியவிடுங்கள். வடிந்த நீரைக் கழிவுநீர்த் தொட்டிக்கு அனுப்புங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள். உப்பும் எண்ணெயும் அதில் இருக்கும். எலும்பு, ஊறுகாய், காகித டீ கப் வேண்டாம். அந்தக் கப்பின் உட்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. வாழையிலையைக் கிழித்துப் போடுங்கள், இல்லாவிட்டால் கிளறும்போது மண்வெட்டியில் சுற்றிக்கொள்ளும்.

சோற்றுக் கட்டியை உதிர்த்து, சருகோடு நன்றாகப் பிரட்டிய பிறகே பெட்டியில் கொட்டுங்கள். கட்டியாகக் கிடக்கும் சோற்றுக்குள் காற்று போகாது. நாற்றம் அங்கிருந்துதான் கிளம்பும். மேலே நான்கு விரல் கனத்துக்குச் சருகு மூடி. முதல் முறை ஒரு கூடை பழைய மட்கோ சாணக் கரைசலோ போதும். நுண்ணுயிர்ப் பொட்டலம் வாங்கத் தேவையில்லை.

(24 மணி நேரத்தில் உரம் தருவதாக விற்கும் மின் இயந்திரங்களில் பல, கழிவை வறுத்து உலர்த்துபவைதான். வெளியே வரும் தூளில் தண்ணீர் பட்டால் திரும்ப அழுகும்.)

5. சூடு பாருங்கள்

நடுவில் இரும்புக் கம்பியைச் செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரி. வெப்பமானி இருந்தால் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ். 55-க்கு மேல் மூன்று நாள் நின்றால் நோய்க்கிருமிகளும் பெரும்பாலான களை விதைகளும் சாகும். 70-ஐத் தொட்டால் உடனே கிளறுங்கள். வேலை செய்யும் நுண்ணுயிர்களும் செத்துவிடும்.

சூடே ஏறவில்லையா? ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு கசிந்தால் ஈரம் சரி, குவியல்தான் சிறியது. தண்ணீர் ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை வாடை காற்றில்லாததைக் காட்டும். மூக்கைக் குத்தும் அமோனியா வாடை சருகு போதாததை. புழு நெளிந்தால் மேல் மூடி மெலிந்துவிட்டது என்று அர்த்தம். புழு உரத்தைக் கெடுக்காது, ஆனால் பார்த்தவர்கள் முதல்வர் அறைக்குப் புகார் கொண்டுபோவார்கள்!

6. முதிர்வும் சல்லடையும்

நிறைந்த பெட்டியை வாரம் ஒருமுறை காலிப் பெட்டிக்கு மாற்றுங்கள், ஓரத்தில் இருந்தது நடுவுக்கு வரும்படி. மூன்று முறை மாற்றியபின் மூன்று வாரம் சும்மா விட்டு, பிறகு சல்லடையில் சலியுங்கள். மே விடுமுறையில் மெஸ் மூடினாலும் வாரம் ஒருமுறை ஈரம் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவருக்குக் கையுறையும் அந்த வேலைக்கான கூலியும் பட்ஜெட்டிலேயே இருக்கட்டும்.

சலித்ததில் ஒரு பிடியை நனைத்துப் பிளாஸ்டிக் உறையில் மூன்று நாள் கட்டி வையுங்கள். திறந்தால் மண்வாசம் வர வேண்டும். நாறினால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள். போட்ட எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உரமாகத் தேறும். சல்லடையில் நின்ற குச்சியும் கட்டியும் அடுத்த பெட்டிக்கு உறைமோர் மாதிரி. உரத்தை மரத்தடியை ஒட்டிக் குவிக்காமல், ஓர் அடி தள்ளி வட்டமாகப் பரப்பிச் சருகால் மூடுங்கள்.