வாலிபர் ஐக்கியம் நடத்துறவங்க விடக்கூடாத பிழைகள்

போன மாசம் ஒரு தம்பி புதுசா எங்கட சபை வாலிபர் ஐக்கியத்துக்கு லீடரா வந்தான். ரெண்டாவது கிழமையே வாட்ஸ்அப் குரூப்பில "சனிக்கிழமை வராதவங்க" எண்டு ஏழு பேரிட பேரை வரிசையாப் போட்டிருந்தான். எனக்கு நெஞ்சு பதைச்சுப் போச்சு, ஏனெண்டா 11 வருஷத்துக்கு முன்னால கொழும்பு கொட்டாஞ்சேனையில நான் லீடரா இருக்கேக்க விட்ட அதே பிழை. அண்டிரவே கோல் எடுத்து அழிக்கச் சொன்னன். நேரத்துக்கு வாங்க, ஜெபிச்சிட்டுப் பேசுங்க எண்டதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுறன்.

எல்லாருக்கும் முன்னால திருத்துறது

அப்ப எங்கட ஐக்கியத்தில கிட்டார் வாசிச்ச தம்பி வெள்ளவத்தையில ஒரு துணிக்கடையில வேலை. சனிக்கிழமை அஞ்சு மணிக்குப் பாட்டு பிராக்டிஸ், மூணு கிழமை தொடர்ந்து லேட். நாலாவது கிழமை அஞ்சே முக்காலுக்கு வேர்த்து விறுவிறுக்க வந்து கேபிளை அம்ப்பில குத்திட்டு நிமிர, நான் பதினாலு பேருக்கு முன்னால "கர்த்தருடைய வேலையை அசதியாய்ச் செய்கிறவன் சபிக்கப்பட்டவன்" எண்டு சொல்லிட்டன். அவன் ஒண்டும் பேசேல்ல. குத்தின கேபிளைக் கழட்டி, முழங்கையில போட்டு ஆறுதலாச் சுத்தி, பையில வச்சு சிப்பை இழுத்து மூடினான். ஜெபம் முடியுமட்டும் இருந்தான், அதுக்குப் பிறகு வரவே இல்ல.

ஸ்டொக் எண்ணி முடிக்காம முதலாளி விடமாட்டார் எண்டது பிறகுதான் தெரிய வந்தது. கேட்டிருந்தா ரெண்டு நிமிஷக் கதை, பிராக்டிஸை ஆறரைக்கு மாத்தியிருக்கலாம். இண்டைக்கும் எனக்கு எரியிறது அந்த வசனம்தான். எரேமியா 48:10, மோவாபுக்கு விரோதமான தீர்க்கதரிசனம், அதில மிச்சப் பாதி பட்டயத்தையும் ரத்தத்தையும் பத்தினது, அதைப் போய் பஸ்ஸில நிண்டு களைச்சு வந்த பிள்ளைக்கு மேல எறிஞ்சன்.

மத்தேயு 18ல இயேசு வரிசை சொல்லியிருக்கிறார்: முதல்ல நீயும் அவனும் தனிய, கேக்காட்டி ஒண்டு ரெண்டு பேரோட, அதுக்கும் கேக்காட்டித்தான் சபை. நாங்க லீடரானதும் நேரா மூணாம் படியில ஏறி நிக்கிறம். தன்னைத் தெரியாதெண்டு மூணு தரம் மறுதலிச்ச பேதுருவுக்கும் ஆண்டவர் முதல்ல கரிநெருப்பில மீனும் அப்பமும் வச்சு, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" எண்டுதான் கூப்பிட்டார். என்னில அன்பா இருக்கிறியா எண்ட கேள்வி சாப்பிட்ட பிறகுதான்.

ரெண்டு மாசம் கழிச்சு அவன்ட வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டன். அம்மா பிளேன்டீ தந்தா. "பரவாயில்ல அண்ணா" எண்டான், அவ்வளவுதான், கிட்டார் சுவர்ல தொங்கிக்கொண்டிருந்தது. ஏசினது எல்லாருக்கும் முன்னால, மன்னிப்புக் கேட்டது அவன்ட வீட்டுக்குள்ள. அந்தப் பதினாலு பேருக்கு முன்னாலயும் கேட்டிருக்கோணும், அது எனக்குப் பிந்தித்தான் விளங்கினது.

புதுசா வந்த ஆளிட கையில உடனே மைக்

1 தீமோத்தேயு 3:6 வாசிங்க, புதுசா வந்தவன் பெருமையில விழுந்திடுவான் எண்டு இருக்கு.

ஜெபக்குறிப்பு எண்டு சொல்லி அடுத்தவங்க வீட்டுக் கதையைப் பரப்புறது

வேணாம். தனிய ஜெபிங்க.

இங்கிலீஷ் பேசுற பிள்ளையளுக்கே பொறுப்புக் குடுக்கிறது

கொழும்பில இது நிறைய. அப்போஸ்தலர் 6ல கிரேக்க பாஷை பேசினவங்களிட விதவையளைக் கவனிக்கேல்ல எண்டு முறுமுறுப்பு வந்தப்ப 7 பேரைத் தெரிஞ்செடுத்தாங்க, ஸ்தேவான் தொடங்கி நிக்கொலா வரைக்கும் எல்லாமே கிரேக்கப் பேர். குறை சொன்ன பக்கத்து ஆக்களிட கையிலயே பந்தி விசாரிப்பு போன மாதிரித்தான் எனக்குப் படுது. எங்கட ஐக்கியத்தில இப்ப காசுக் கணக்குப் புத்தகம் தமிழ் மீடியம் படிச்ச தங்கச்சி ஒருத்தியிட கையில.