வாம்பனோவாக் மக்கள்: 'வாழ்ந்தார்கள்' என்று எழுதும் முன்

நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நெருங்கினால் தமிழிலும் அந்தக் கதை சுற்றுக்கு வந்துவிடும். கப்பலில் வந்த ஆங்கிலேயர்கள் பசியில் வாடினார்கள். நல்ல மனம் படைத்த செவ்விந்தியர்கள் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அறுவடை முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து வான்கோழி சாப்பிட்டார்கள். சுபம். அதுதான் அமெரிக்காவின் நன்றி நாளான தேங்க்ஸ்கிவிங்.

அந்த நல்ல மனம் படைத்தவர்களுக்குக் கதையில் பெயரும் கிடையாது, ஊரும் கிடையாது. சாப்பிட்டு முடித்த பிறகு எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதும் இல்லை. அவர்கள்தான் வாம்பனோவாக் மக்கள். தங்கள் பெயருக்கு அவர்கள் சொல்லும் பொருள் 'முதல் ஒளியின் மக்கள்'. அட்லாண்டிக் கரையில் சூரியன் முதலில் எட்டிப்பார்க்கிற நிலம் அவர்களுடையது: இன்றைய மாசசூசெட்ஸின் தென்கிழக்குப் பகுதி, ரோட் ஐலண்டின் கிழக்கு ஓரம், கேப் காட், மார்த்தாஸ் வினியார்ட், நான்டக்கெட் தீவுகள்.

இவர்களைப் பற்றி எழுதும்போது நடக்கிற முதல் தவறு இலக்கணத் தவறு. 'வாழ்ந்தார்கள்', 'வேட்டையாடினார்கள்', 'நம்பினார்கள்' என்று எல்லா வினையும் இறந்தகாலத்தில் வரும். கேப் காடில் மாஷ்பி, மார்த்தாஸ் வினியார்டில் அக்வின்னா என்று இரண்டு வாம்பனோவாக் சமூகங்களை அமெரிக்க மத்திய அரசு பழங்குடி அரசுகளாக அங்கீகரித்திருக்கிறது. அக்வின்னாவுக்கு 1987இல் கிடைத்தது, மாஷ்பிக்கு 2007இல். மாஷ்பியின் உறுப்பினர் பட்டியலில் மட்டும் மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் வெளியே தங்களை வாம்பனோவாக் என்று சொல்லும் சமூகங்களும் உண்டு. வரி கட்டுகிறார்கள், வழக்குப் போடுகிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். நிகழ்காலம் போடலாம்.

அடுத்தது 'செவ்விந்தியர்' என்ற சொல். கொலம்பஸ் வழி தவறி வந்து வைத்த பெயர் அது. அதோடு தோல் நிறத்தையும் சேர்த்துத் தமிழில் ஒட்டிவிட்டோம். நிஜ இந்தியர்களான நாமே அந்தக் குழப்பத்தைத் தொடர்வதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. பொதுவாகச் சொல்ல 'பூர்வகுடிகள்' போதும். குறிப்பிட்டவர்களைச் சொல்லும்போது அவர்கள் பெயரையே எழுதுவது நல்லது. படம் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதுகுவரை தொங்கும் கழுகிறகுக் கிரீடமும் கூம்பு வடிவத் தோல் கூடாரமும் மேற்கே வெகுதூரத்தில் உள்ள சமவெளி மக்களுடையவை. வாம்பனோவாக் வீட்டுக்குப் பெயர் 'வெட்டு' (wetu). இளமரக் கழிகளை வளைத்து நட்டு, மேலே மரப்பட்டையோ நாணல் பாயோ போர்த்திய, கவிழ்த்த கிண்ணம் போன்ற வீடு.

இனி விஷயத்துக்கு வருவோம். கதையை 1620இல் அந்த ஆங்கிலேயர்கள் வந்த மேஃபிளவர் கப்பலிலிருந்து தொடங்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு என்பேன். அங்கே தொடங்கினால், காட்டுக்குள்ளிருந்து வந்தவர்கள் வெள்ளைக்காரர்களை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தது போல ஆகிவிடும். உண்மையில் ஐரோப்பியக் கப்பல்கள் பல ஆண்டுகளாகவே அந்தக் கரையில் வந்துபோய்க்கொண்டிருந்தன. ஆட்களைப் பிடித்துக்கொண்டும் போயின.

1611இல் மார்த்தாஸ் வினியார்டைச் சேர்ந்த எப்பனோ என்பவரைப் பிடித்து லண்டனுக்குக் கொண்டுபோய் வேடிக்கைப் பொருளாகக் காட்டினார்கள். அவர் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். பிடித்தவர்களுக்கு எதில் ஆசை என்பதையும் கற்றுக்கொண்டார். 'எங்கள் தீவில் தங்கம் இருக்கிறது, கூட்டிப்போனால் காட்டுகிறேன்' என்றார். 1614இல் கப்பலில் அழைத்துவந்தார்கள். கரை தெரிந்ததும் கடலில் குதித்து நீந்திப் போய்விட்டார். தங்கமாவது ஒன்றாவது.

அதே 1614இல் தாமஸ் ஹன்ட் என்ற கப்பல் தலைவன், வியாபாரம் பேசலாம் என்று கூப்பிட்டு, பட்டக்சட் என்ற ஊரிலிருந்து சுமார் 20 பேரையும் நாசெட் பகுதியிலிருந்து 7 பேரையும் கடத்திப்போய் ஸ்பெயினின் மலாகாவில் அடிமைகளாக விற்றான். அவர்களில் ஒருவர்தான் டிஸ்குவாண்டம். பாடப்புத்தகங்கள் 'ஸ்குவாண்டோ' என்று சுருக்கி, ஆங்கிலேயருக்கு உதவிய அன்பான வழிகாட்டி என்று அறிமுகப்படுத்துபவர். அவருக்கு எப்படி ஆங்கிலம் தெரிந்தது என்ற ஒரு கேள்வியைக் கேட்டால் போதும், அந்தக் கதை கலைந்துவிடும். ஸ்பெயினிலிருந்து எப்படியோ லண்டன் சேர்ந்து, 1619இல் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஊர் இல்லை. 1616 முதல் 1619 வரை அடித்த கொள்ளைநோயில் பட்டக்சட் முழுவதும் அழிந்துபோயிருந்தது. சில கடலோர ஊர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை செத்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அது பெரியம்மைதான் என்று அடித்து எழுதாதீர்கள். என்ன நோய் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை.

1620 டிசம்பரில் ஆங்கிலேயர்கள் பிளிமத் குடியிருப்பை அமைத்தது அந்தப் பட்டக்சட்டின் மேல்தான். 'காட்டைத் திருத்தி நாடாக்கினார்கள்' என்று எழுதும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். திருத்தின நிலம் ஏற்கனவே அங்கே இருந்தது. அதைத் திருத்தியவர்கள் அப்போது உயிரோடு இல்லை.

1621 மார்ச் 16 அன்று குடியிருப்புக்குள் நடந்துவந்து ஆங்கிலத்திலேயே வரவேற்றவர் சமோசெட். இவரையும் வாம்பனோவாக் என்று எழுதிவிடுகிறார்கள். அவர் வடக்கே மெய்ன் பக்கத்து அபெனாகி தலைவர், மீன்பிடிக்க வந்தவர்களிடம் ஆங்கிலம் பழகியவர். வந்தவுடன் கேட்டது பீர். அடுத்த வாரம் வாம்பனோவாக் பெருந்தலைவர் வந்து உடன்படிக்கை செய்தார். அவரை 'மசசோயிட்' என்பார்கள். அது பெயரல்ல, பெருந்தலைவர் என்ற பட்டம். பெயர் உசாமெக்வின்.

அவர் ஏன் உதவினார்? இரக்கம் என்று மட்டும் சொன்னால் ஒரு ராஜதந்திரியைக் கள்ளங்கபடமற்ற காட்டுவாசியாக்கிவிடுகிறோம். கொள்ளைநோயில் அவருடைய மக்கள் குறைந்துபோயிருந்தார்கள். மேற்கே இருந்த நரகன்செட் மக்களை நோய் அவ்வளவாகத் தொடவில்லை, அவர்கள் கை ஓங்கியிருந்தது. புதிதாக வந்தவர்களிடம் துப்பாக்கி இருந்தது. ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் துணைக்கு வரவேண்டும் என்பது உடன்படிக்கையின் சாரம். டிஸ்குவாண்டமும் லேசுப்பட்டவரல்ல. இரண்டு பக்கமும் நின்று தனக்கென ஒரு செல்வாக்கைத் தேடிக்கொண்டதில், 1622இல் அவரைக் கொல்லத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி உசாமெக்வினே ஆள் அனுப்பினார். அதே ஆண்டு டிஸ்குவாண்டம் நோயில் இறந்தார்.

சரி, அந்த விருந்து. பிளிமத் குடியேறிகளில் ஒருவரான எட்வர்ட் வின்ஸ்லோ எழுதிய ஒரு கடிதத்தில் சில வரிகள், அவ்வளவுதான் அதற்கு நேரடிச் சான்று. 1621 இலையுதிர்காலம். ஆங்கிலேயர்கள் பறவை வேட்டைக்குப் போனார்கள், துப்பாக்கிப் பயிற்சி செய்தார்கள். உசாமெக்வின் சுமார் 90 ஆண்களோடு வந்தார். மூன்று நாள் விருந்து. வாம்பனோவாக் ஆட்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்தார்கள். 'அழைத்தோம்' என்று அதில் இல்லை. 'நன்றி நவிலும் நாள்' என்றும் இல்லை. முதல் குளிர்காலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேரை இழந்திருந்த ஆங்கிலேயர்களைவிட விருந்தாளிகள்தான் அதிகம். உருளைக்கிழங்கு மசியலோ பூசணிப் பையோ அங்கே இருக்க வழியில்லை. இந்த விருந்துக்கு 'முதல் தேங்க்ஸ்கிவிங்' என்ற பெயர் ஒட்டியது 19ஆம் நூற்றாண்டில். உள்நாட்டுப் போர் நடுவே 1863இல் லிங்கன் தேசிய நன்றி நாளை அறிவித்தார்.

விருந்தோடு நிறுத்துவது ஒரு தவறு. அதற்குப் பிறகு ஒரே தலைமுறைதான். உசாமெக்வினின் மகன் மெட்டாகாம் (ஆங்கிலேயர் வைத்த பெயர் பிலிப்) 1675இல் குடியேறிகளுக்கு எதிராகப் போரில் இறங்கினார். நிலம் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, குடியேறிகளின் மாடும் பன்றியும் சோளக்கொல்லைகளை மேய்ந்தன, கடைசியில் பிளிமத் நீதிமன்றம் மூன்று வாம்பனோவாக் ஆட்களுக்கு மரண தண்டனை கொடுத்தது. போரில் போகாசெட் பகுதியின் தலைவி வீட்டமூவும் படை நடத்தினார். தலைவர் என்றாலே ஆண் என்று எழுதுகிறவர்கள் கவனிக்க. 1676 ஆகஸ்ட் 12 அன்று மெட்டாகாம் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் தலையைப் பிளிமத்தில் கம்பத்தில் செருகி இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தார்கள். அவருடைய ஒன்பது வயது மகனைக் கொல்வதா விற்பதா என்று பாதிரிமார்களிடம் கருத்துக் கேட்டு, கடைசியில் அடிமையாக விற்றார்கள். பிடிபட்டவர்கள் பலர் கரீபியத் தீவுகளுக்குப் போனார்கள். பெர்முடாவின் செயின்ட் டேவிட்ஸ் தீவில் தங்களை அவர்களின் வழிவந்தவர்கள் என்று சொல்லும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

அந்தக் கம்பத்து மண்டையோட்டின் தாடை எலும்பைப் பிடுங்கியதாகப் பின்னாளில் பெருமையாக எழுதிக்கொண்டவர் பாஸ்டன் பாதிரி காட்டன் மாதர். தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட சீகன்பால்குக்கு, உங்கள் ஊழியத்தைப் போலவே இங்கேயும் 'இந்தியர்கள்' நடுவில் நடக்கிறது என்று கடிதம் எழுதியவரும் இதே மாதர்தான். நமக்கும் அந்தக் கரைக்கும் இருக்கிற பழைய தொடர்பு இப்படியொன்று.

விருந்தோடு நிறுத்துவது போலவே, 1676இல் முற்றுப்புள்ளி வைப்பதும் தவறுதான். கேப் காடிலும் தீவுகளிலும் இருந்த சமூகங்கள் பல போரில் சேரவில்லை, ஊரைவிட்டுப் போகவும் இல்லை. போருக்குப் பத்தாண்டு முன்பே, 1665இல், மார்த்தாஸ் வினியார்டைச் சேர்ந்த கேலப் சீஷாடியாமக் ஹார்வர்டில் பட்டம் வாங்கியிருந்தார். பிற்காலத்தில் திமிங்கில வேட்டைக் கப்பல்களில் அக்வின்னா ஆட்களுக்குத் தனி மதிப்பு. 1833இல் மாஷ்பி மக்கள், எங்கள் காட்டில் இனி வெளியார் விறகு வெட்டக்கூடாது என்று அறிவித்துத் தன்னாட்சி கேட்டுப் போராடினார்கள்.

அவர்கள் மொழியை 'அழிந்த மொழி' என்று எழுதுவதும் இனிச் செல்லாது. 1663இல் பாதிரி ஜான் எலியட் வெளியிட்ட பைபிள்தான் அமெரிக்கக் கண்டத்தில் அச்சான முதல் முழு பைபிள். அது ஆங்கிலத்தில் அல்ல, இந்த மொழியில். வாம்பனோவாக் மக்களே தங்கள் மொழியில் உயிலும் நிலப் பத்திரமும் எழுதினார்கள். பிறகு பேச ஆளில்லாமல் நூறாண்டுக்கு மேல் போனது. 1993இல் மாஷ்பியைச் சேர்ந்த ஜெஸ்ஸி லிட்டில் டோ பேர்ட் மீட்புப் பணியைத் தொடங்கினார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மொழியியல் படித்து, அந்தப் பைபிளையும் பத்திரங்களையும் வைத்தே இலக்கணத்தையும் சொற்களையும் திரட்டினார். மதம் மாற்ற அச்சிட்ட புத்தகம் மொழிக்கு விதைநெல்லானது. அவர் மகள் அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தாள். இன்று அதில் பாடம் நடத்தும் குழந்தைகள் பள்ளி இருக்கிறது.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று முடிப்பவர்களும் இருக்கிறார்கள். 1976இல் மாஷ்பி மக்கள் இழந்த நிலத்தைக் கேட்டு வழக்குப் போட்டார்கள். நீதிமன்றமோ, நீங்கள் ஒரு பழங்குடிதானா என்பதை முதலில் நிரூபியுங்கள் என்றது. நாற்பது நாள் விசாரணை. 1978 ஜனவரியில் ஜூரி தந்த விடை: 1790இல் பழங்குடி இல்லை, 1834இலும் 1842இலும் பழங்குடி, 1869இலிருந்து மறுபடி இல்லை. வழக்கு தோற்றது. 2015இல் மத்திய அரசு 321 ஏக்கரை அவர்களுக்காகத் தன் பொறுப்பில் வைக்கும் காப்பு நிலமாக்கியது. 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக ஊரே அடைந்துகிடந்தபோது, அந்த ஏற்பாட்டை ரத்து செய்வதாக அதே அரசு தகவல் சொன்னது. ஜூனில் நீதிமன்றம் தடுத்தது. 2021 டிசம்பரில்தான் நிலம் அவர்களுக்கே என்று உறுதியானது.

கடைசியாக, தேங்க்ஸ்கிவிங் அன்று அவர்கள் எல்லோரும் துக்கம் காப்பதாக எழுதுவது. 1970இல் பிளிமத்தின் 350ஆம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பட்ட அக்வின்னாவைச் சேர்ந்த வம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ், எழுதிவைத்திருந்த உரையை ஏற்பாட்டாளர்கள் மாற்றச் சொன்னதால் மறுத்துவிட்டார். அந்த ஆண்டிலிருந்து பிளிமத் கோல்ஸ் ஹில்லில் அதே நாளில் 'தேசியத் துக்க நாள்' கடைப்பிடிக்கிறார்கள். பலர் அங்கே போகிறார்கள். பலர் வீட்டில் உறவினர்களோடு சாப்பிடுகிறார்கள். நன்றி சொல்வது அவர்களுக்குப் புதிதல்ல, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் செய்வதுமல்ல. அக்வின்னாவில் அக்டோபர் இரண்டாம் செவ்வாய்க்கிழமை கிரான்பெரி நாள். அன்றைக்குப் பிள்ளைகள் பள்ளிக்குப் போவதில்லை. பெரியவர்களோடு சேர்ந்து மணல்மேட்டுக்குப் பின்னாலிருக்கும் சதுப்பில் பழம் பறிக்கிறார்கள்.