விளக்கைக் கழற்றியபின் மிஞ்சும் ஒயர்

பழைய டியூப்லைட்டைக் கழற்றினால் மிஞ்சும் ஒயர் முனைகளை அப்படியே தொங்கவிடாதீர்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயரில் கொடுக்காமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரில் கொடுத்திருப்பார்கள். விளக்கு அணைந்தாலும் ஒயரில் 230 வோல்ட் இருக்கும். டெஸ்டர் எரிகிறதா என்று முதலில் ஒரு பிளக் பாயிண்டில் பார்த்துவிட்டு, மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும்தான். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒயர் முனைகளிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள், எரியக்கூடாது. அப்புறம் ஒவ்வொரு முனையையும் தனித்தனிக் கனெக்டரில் (திருகாணி வைத்த பிளாஸ்டிக் இணைப்பான்) செருகி முடுக்குங்கள். இரண்டையும் சேர்த்து முறுக்கினால் சுவிட்சைப் போட்டதும் ஷார்ட்தான். வெறும் டேப் மட்டும் சுற்றினால் வெக்கையில் பசை இளகிக் கழன்றுவிடும். கடைசியில் ஒயரை, அது வெளியே வரும் ஜங்ஷன் பெட்டிக்குள் மடித்து வைத்து, மேலே மூடியைத் திருகிவிடுங்கள்.